‘உங்க பாட்டைப் பாடுங்க’ என்கிறவர்களுக்கு

இந்த வருசம் ஏப்ரல் 14 அன்று ஊட்டியில் அம்பேத்கர் பிறந்தநாள் விழா நடத்தினோம். காலையில் சிலைக்கு மாலை, மதியம் வரைக்கும் கருத்தரங்கம். கோயம்புத்தூரிலிருந்து வந்த பறைக்குழு அரைமணி நேரம் மண்டபம் அதிர அடிச்சாங்க. சாயங்காலம் கூட்டம் கலைகிற நேரத்தில், குன்னூர் பக்கத்து லயங்களிலிருந்து வந்திருந்த பையன்களும் பொம்பளைப் பிள்ளைகளும் ஸ்பீக்கர் செட்டுக்காரரிடம் சொல்லி சினிமாப் பாட்டு போட்டு ஆட ஆரம்பிச்சாங்க. முதலில் தேவா. அப்புறம் சந்தோஷ் நாராயணன். இரண்டாவது பாட்டு பாதி போயிருக்கும், ஒரு தோழர் மைக்கைப் பிடித்தார். “இது அம்பேத்கர் விழா, கலியாண வீடு இல்ல. நம்ம கலையை மட்டும் போடுங்க.” ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். பிள்ளைகள் ஒண்ணும் பேசாமல் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். நான் மேடையேறிச் சண்டை போட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் தோழரிடமிருந்து மூன்று பக்கக் கடிதம். சினிமாப் பாட்டு என்பது முதலாளிகள் தொழிற்சாலையில் உற்பத்தி செய்து சேரியில் கொட்டுகிற சரக்காம். அது நம்ம சனங்களின் மூளையை மழுங்கடிக்கிறதாம். எம்.ஏ. தமிழ் படித்த, எழுதத் தெரிந்த நானே அதற்கு வக்காலத்து வாங்கலாமா என்று கேட்டு, “முதலில் உங்கள் ரசனையை உயர்த்திக்கொள்ளுங்கள்” என்று முடித்திருந்தார். அந்தக் கடைசி வரிதான் சுட்டது. இதே புத்திமதியை இதற்கு முன்னால் நான் கேட்டது சபா வாசல்காரர்களிடம். கர்நாடக சங்கீதத்தில் நமக்கென்று ஒரு பாத்திரம் உண்டல்லவா, நந்தன்? தீயில் இறங்கி வந்தால்தான் அவனுக்குக் கதவு திறக்கும். அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கறுப்பும் நீலமும் சிவப்பும் கட்டிய நம்ம ஆட்களே ரசனைக்குப் படிக்கட்டு கட்டி, சனங்களைக் கீழ்ப்படியில் உட்காரவைக்கிறபோது பேசாமல் இருக்க முடியவில்லை. தனிக் கடிதமாக எழுதாமல் இங்கே எழுதுவதற்குக் காரணம், இந்தத் தோழர் தனி ஆள் இல்லை என்பதுதான்.

‘தொழிற்சாலையில் உற்பத்தியான சரக்கு.’ இதை நீலகிரியில் நின்றுகொண்டு சொல்ல எப்படி வாய் வந்தது? நாங்கள் பறிக்கிற கொழுந்து எங்கே போகிறது? தொழிற்சாலைக்குத்தான். வாட்டி, பல்வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டி, புளிக்கவைத்து, காயவைத்து, சலித்துத் தூளாக்குகிறார்கள். சி.டி.சி. என்று பேர். நீலகிரித் தேயிலையில் பெரும்பங்கு இப்படித்தான் ஆகிறது. டீக்கடைப் பாய்லர் பக்கத்தில் துணிவடிகட்டியில் இறங்குவதும் லயத்துச் சட்டியில் கொதிப்பதும் அந்தத் தூள்தான். இன்னொரு வகை இருக்கிறது. பழைய முறையில், இலை இலையாகத் தெரிகிறமாதிரி உருட்டி எடுப்பது. சீமைக்கும் பெரிய ஓட்டலுக்கும் போகிற சரக்கு. அதற்குத் தேயிலை வியாபாரத்தில் வைத்திருக்கிற பேர் ‘ஆர்த்தடாக்ஸ்’. தமிழில் சொன்னால் ஆசாரத் தேயிலை. நான் கிண்டலுக்குக் கட்டிய கதை இல்லை இது, குன்னூர் ஏலக் கணக்கில் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆசாரத் தேயிலையையும் தூள் தேயிலையையும் பறிப்பது ஒரே கைதான். யந்திரத்தில் நசுங்கியது என்பதற்காக எங்க அப்பாயி பறித்தது பொய்க் கொழுந்தாகிவிடுமா?

அப்பாயி பற்றிச் சொல்லாமல் இந்த விவகாரத்தை என்னால் பேச முடியாது. ஏனென்றால் இதில் குற்றவாளி நானும்தான்.

அப்பாயி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். 1948ல் இலங்கை அரசு குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆடுமாடு பிரிக்கிறமாதிரிப் பிரித்தார்கள். மிச்சம் கிடந்த 1,50,000 பேரை 1974ல் பாதிப்பாதியாகப் பங்கு வைத்தார்கள். அப்பாயிக்கு இந்தியா என்று வந்தது. அவள் அண்ணனுக்கு இலங்கை. தலைமன்னாருக்குச் சனங்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகத்தில் ‘அழுகைக் கோச்சி’ என்று பேர். அப்புறம் கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் இந்த மலை. திரும்பி வந்தவர்களுக்காக 1968ல் அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை. அங்கே ‘கள்ளத்தோணி’ என்று கூப்பிட்டவர்களிடமிருந்து தப்பி இங்கே வந்தால் ‘சிலோன்காரி’.

2010 வாக்கில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். நாட்டார் வழக்காற்றியல் ஒரு தாள். களப்பணிக்கு எங்க லயத்துக்கே பேராசிரியரைக் கூட்டிப்போனேன். நல்ல மனுசர், எங்க வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். “பாட்டி, கொழுந்து எடுக்கிறப்ப பாடுவீங்களே, அதைப் பாடுங்க” என்றார். அப்பாயி வெத்தலையைத் துப்பிவிட்டு வந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, ‘பாசமலர்’ படத்தில் அண்ணனும் தங்கச்சியும் பாடுகிற அந்தத் தாலாட்டை எடுத்தாள். பேராசிரியர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் ரெக்கார்டரை நிறுத்தினேன்.

“பாட்டி, இது சினிமாப் பாட்டு. நீங்க உங்க பாட்டைப் பாடுங்க.”

“இது எம் பாட்டுதான்யா.”

“தோட்டத்துல பாடுவீங்கள்ல, அது.”

“தோட்டத்துல இதைத்தான் பாடுனேன்.”

அவர் சிரித்தார். அப்பாயி எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தாள். அப்புறம் வந்த விருந்தாளிக்காக ரெண்டு கும்மிப் பாட்டு பாடினாள், முகத்தில் ஒண்ணுமே இல்லாமல். அதைத்தான் எழுதி ஒப்படைத்தேன். நல்ல மதிப்பெண்.

1961ல் வந்த அந்தப் படத்தை ஹட்டன் டவுனுக்குக் கூட்டிப்போய்க் காட்டியது அவள் அண்ணன். ரயிலேற்றிவிட வந்ததும் அவன்தான். 83 கலவரத்துக்கு அப்புறம் அவனிடமிருந்து கடிதம் வரவில்லை. இதெல்லாம் எனக்குத் துண்டுதுண்டாகத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு ஒண்ணோடொண்ணு சேர்த்துப் பார்க்கவில்லை. அவள் செத்து வருசங்கள் கழித்து ஒருநாள் பஸ்ஸில் அந்தப் பாட்டு வந்தபோதுதான் உறைத்தது. ஒரு தேசத்தை இன்னொரு தேசத்தோடு பேரம் பேசியவர்களைப் பற்றி ஒரு கூலிக்காரி கொடுத்த வாக்குமூலம் அது. அசல் நாட்டார் பாட்டு வேண்டுமென்று அதை அணைத்தவள் நான். அவள் குரலில் அந்தப் பாட்டு இன்றைக்கு எங்கேயும் இல்லை.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. 1933ல் அமெரிக்காவில் ஜான் லோமாக்ஸ் என்கிற வெள்ளைக்காரர் லூசியானா மாநிலத்து அங்கோலா சிறைக்குப் போய், லெட் பெல்லி என்கிற கறுப்பினப் பாடகரைப் பதிவுசெய்தார். கலப்படமில்லாத நீக்ரோப் பாட்டைத் தேடிப் போனவர் அவர். லெட் பெல்லிக்கோ ரேடியோவில் வந்த ஜீன் ஆட்ரியின் கௌபாய்ப் பாட்டின் மேல் ஆசை. வெளியே வந்து மேடையேறியபோது அதையும் பாட வேண்டும் என்றார். லோமாக்ஸுக்குப் பிடிக்கவில்லை. கறுப்பன் சிறைக்கூடத்துப் பாட்டைத்தான் பாட வேண்டும், கௌபாய்க்கு அவன் ஆசைப்படக்கூடாது. பேராசிரியர் கையைக் காட்டியதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதே அமெரிக்காவில் டெட்ராய்ட்டில் பெர்ரி கோர்டி என்கிற கறுப்பர், கார்த் தொழிற்சாலையில் வேலைபார்த்தவர், 1959ல் மோட்டவுன் கம்பெனியைத் தொடங்கினார். கார் செய்கிற வரிசையைப் பார்த்த கண்ணோடு பாட்டுக்கும் வரிசை கட்டினார். பாட்டெழுத ஒரு கூட்டம், வாசிக்க ஒரு கூட்டம், எது வெளியே போகலாம் என்று தரம் பார்க்க ஒரு கூட்டம். சுத்தமான தொழிற்சாலைச் சரக்கு. தெற்கே கறுப்பர்களை ஒரே மேசையில் உட்காரவிடாத வெள்ளைக்காரர்களின் பிள்ளைகள் அதைக் காசு கொடுத்து வாங்கி ஆடினார்கள். பாந்தர் இயக்கத்தின் பேரை அங்கிருந்து வாங்கிக்கொண்ட நாம் இதையும் கொஞ்சம் வாங்கிப் பார்க்கலாம்.

சரி, ‘நம்ம கலை’ எது தோழர்? இலங்கைத் தோட்டங்களில் விடியக்காலம் பெரட்டுக்கு ஆள் சேர்க்கத் தப்படிப்பார்கள். எங்க தாத்தா அடித்திருக்கிறார். அந்தச் சத்தத்துக்கு எழுந்திருக்காவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் கூலி இல்லை. இந்தியா வந்தபிறகு அவர் தப்பைத் தொடவே இல்லை. கொடிக்கம்பத் திருவிழாவில் யாரோ கையில் கொடுத்தபோதுகூட, “போதும்ப்பா” என்று நகர்ந்துவிட்டார். தென்னார்க்காட்டில் இளையபெருமாள் பறையடிக்க மாட்டோம் என்று போராட்டம் நடத்தியது எதற்கு? அவருக்கு ரசனை இல்லையா? இந்த மலையிலேயே பாருங்கள். படகர் வீட்டு இழவுக்குக் கோத்தர்கள் வந்து குழலும் மேளமும் வாசிக்க வேண்டும் என்பது பழைய முறை. அது 1930களில் உடைய ஆரம்பித்தது. வாசிப்பவன் தாழ்ந்தவன் என்கிற கணக்கும் அந்த முறைக்குள் இருந்தது. இன்றைக்கு சீசனில் டூரிஸ்டுகளுக்காக மேடை போட்டு, பழங்குடிகளை வரிசையாக ஏற்றி இறக்கி, எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

பறையை நான் பழிக்கவில்லை. அடிமைச் சேவகத்திலிருந்து அதைப் பிடுங்கி நம் கலையாக்கிய 1990களின் வேலை பெரிய வேலை. நானும் கற்றுக்கொண்டேன், சுமாராக அடிப்பேன். விரும்பி எடுக்கிறவன் எடுக்கட்டும். ஆனால் ‘நீ இதைத்தான் அடிக்க வேண்டும், இதற்குத்தான் ஆட வேண்டும்’ என்று மேடையிலிருந்து ஒருத்தர் சொன்னால், ஊர்நாட்டாமை சொன்னதற்கும் தோழர் சொன்னதற்கும் காதில் விழுகிறபோது என்ன பேதம்? தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை, ஒரு யாழ் என்று பிரித்து வைத்தார், எம்.ஏ.யில் மனப்பாடம் செய்திருக்கிறேன். எங்க குறிஞ்சியில் இப்போது தொழில் கொழுந்தெடுத்தல், பறை ஸ்பீக்கர் செட்டு. இதையும் கருப்பொருளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கமும் ஒருதடவை நம் ரசனையை உயர்த்தப் பார்த்தது. 1952ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். சினிமாப் பாட்டு கொச்சை, சாஸ்திரிய சங்கீதம் கேட்டால்தான் தேசம் உருப்படும் என்று அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். (ஆர்மோனியத்துக்கும் அங்கே 1940 முதல் 30 வருசம் தீட்டு.) சனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படைக்காக நிறுவிய சக்தி வாய்ந்த ஒலிபரப்பி அங்கே மிஞ்சியிருந்தது, இந்தியா பூராவும் கேட்டது. வேறு வழியில்லாமல் 1957ல் தில்லி விவித் பாரதியைத் தொடங்கியது. தேயிலை பறிக்கிறவனின் குடியுரிமையைப் பிடுங்கிய அதே தேசத்து வானொலிதான் தேயிலை பறிக்கிறவளுக்குப் பாட்டைக் கொடுத்தது என்பது சரித்திரத்தின் கோணல்.

அப்பாயி சொல்லுவாள்: நேயர் விருப்பத்துக்கு அட்டை எழுதிப் போட்டால் ரேடியோக்காரர் பேரைச் சொல்லுவார், தோட்டத்துப் பேரையும் சொல்லுவார். மரியாதையோடு, ‘விரும்பிக் கேட்கிறார்’ என்று. துரையும் கங்காணியும் ‘ஏய்’ என்று கூப்பிட்ட பேரை. எந்தச் சபாவிலும் எந்தக் கோயிலிலும் நடக்காத சங்கதி இது. நாம் ‘விரும்பலாம்’ என்று ஒருத்தர் ஒத்துக்கொண்டது.

இதற்காகச் சினிமாப் பாட்டு யோக்கியமானது என்று சொல்ல வரவில்லை. 1992ல் ‘தேவர் மகன்’ வந்தபோது அதன் பாட்டொன்றைத் தெற்கத்திச் சேரிகளின் முன்னால் சத்தமாக வைத்து வம்புக்கிழுத்த கதை எல்லாருக்கும் தெரியும். மாரி செல்வராஜ் அதைப் பற்றி எழுதினார், 2023ல் ‘மாமன்னன்’ மேடையிலும் பேசினார். அந்தப் படத்துக்கு இசை பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா. 1976ல் ‘அன்னக்கிளி’யோடு, அதுவரை ஓரத்தில் நின்ற சனங்களின் சத்தத்தை நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தவர். அவரே 2022ல் அம்பேத்கரையும் மோடியையும் இணைத்து வந்த புத்தகத்துக்கு முன்னுரை எழுதிக் கொடுத்தார். வயிறு எரிந்தது. அதற்காக அவர் பாட்டைக் கேட்பதை நிறுத்தினேனா என்றால், இல்லை. நான் அவரைக் கும்பிடுகிறவள் இல்லை, கேட்கிறவள். கும்பிடுகிறவனுக்குத்தான் சாமி தப்பு செய்தால் தலை சுற்றும்.

பொம்பளை விசயத்திலும் அப்படித்தான். பாதிக் குத்துப்பாட்டில் நாங்கள் வெறும் இடுப்பு. கோபம் வருகிறது, சண்டை போடுகிறேன், சில பாட்டை அணைக்கிறேன். ஆனால் ‘ஆபாசம்’ என்று இதைத் தூக்கியெறிகிறவர்கள் மருதத்திணைப் பரத்தையைப் பத்து மதிப்பெண் வினாவாக வைத்து எனக்குப் பாடம் நடத்தினார்கள். அதற்குப் பேர் செவ்வியல்.

இப்போது ‘எஞ்சாய் எஞ்சாமி’க்கு வருகிறேன். 2021 மார்ச் 7ல் வந்தது. அரக்கோணத்துத் தெருக்குரல் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுத் திரும்பிவந்த தன் பாட்டியை வைத்து எழுதிப் பாடியது. தீ கூடப் பாடினார், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். ஒப்பாரியும் ராப்பும் கம்ப்யூட்டர் தாளமும் சேர்ந்தது. யூடியூபில் கோடிக்கணக்கில் கேட்டார்கள், சபாவுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளும் ஆடினார்கள். அன்றைக்கு எங்க லயத்தில் யாரும் ‘இது அசல் நாட்டாரா, தொழிற்சாலைச் சரக்கா’ என்று கேட்கவில்லை. கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு ஒரே போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கேட்டோம். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி, “இந்தப் பய நம்ம சிலோன் ஆளா?” என்றாள்.

தகராறு வந்தது அதற்கப்புறம்தான். அதே ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அந்தப் பாட்டைப் பேசி, அறிவின் படத்தைப் போடாமல் விட்டார்கள். பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டபிறகு அறிவுக்கு இணையத்தில் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அதே பாட்டு அறிவு இல்லாமல் மேடையேறியது. யார் படைத்தது என்று அறிவு ஒன்று சொல்ல, சந்தோஷ் நாராயணன் ஒன்று சொல்ல, ஊரே பஞ்சாயத்து பேசியது. 2024 மார்ச்சில், இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளியே சொன்னார்.

இதுதான் சண்டை போடவேண்டிய இடம் தோழர். தேயிலை முதலாளியின் லாபச் சரக்கு என்பதால் தேயிலையே கேவலம் என்று எந்தச் சங்கமாவது சொல்லியிருக்கிறதா? எத்தனை கிலோ எடுத்தோம், என்ன கூலி, தராசில் எவ்வளவு கழிக்கிறாய், ரிட்டையரானால் வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறாயே எங்கே போவது என்றுதானே கேட்கிறோம்? 2022ல் அரசுத் தோட்டத்தில் 2,000 எக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று வந்தபோது அதைத்தானே கேட்டோம்? பாட்டுத் தொழிற்சாலையிலும் அதையே கேளுங்கள். பேர் யாருக்கு, பணம் யாருக்கு, அட்டையில் முகம் யாருக்கு. இந்தக் கேள்விகளை விட்டுவிட்டு ரசனையைச் சோதிப்பது முதலாளிக்கு ஒரு சிரமமும் தராத வேலை.

இன்னொண்ணு. தோழரின் கடிதத்தில் அயோத்திதாசப் பண்டிதர் பேர் நாலு இடத்தில் வருகிறது. சந்தோசம். பண்டிதர் இந்த மலையில் வாழ்ந்தவர். 1891 டிசம்பர் 1ல் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியது இதே ஊட்டியில். குடிக்கணக்கில் நம் சனங்கள் தங்களைச் சாதியற்றவர்களாகப் பதியவேண்டும் என்று சொன்னவர் அவர். அந்தச் சொல்லை ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துத் தூக்கி வந்தது யார்? 2018 ஜனவரி 6ல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. கானா, ராப், எலெக்ட்ரிக் கிடார், கூடவே பறை. வடசென்னைச் சாவு வீட்டில் பாடியது என்று மூக்கைப் பொத்திக்கொண்ட கானா, தேவாவின் கைபட்டுச் சினிமாவுக்குப் போய், பணக்கார வீட்டுக் கல்யாணத்தில் ஆடி, திரும்பி வந்து பண்டிதர் பேரைச் சொல்லிக்கொண்டு நின்றது. சினிமா ருசி பார்க்காத காதுகளால் அந்தக் கூட்டம் கூடியிருக்காது. அங்கே மட்டும் கைதட்டிவிட்டு, ஊட்டியில் அதே தேவாவுக்கு ஒயரைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

அன்றைக்கு ஜீப்பில் ஏறிப்போன பிள்ளைகளில் ஒருத்தி எனக்கு இரவு போன் போட்டாள். குன்னூர்க் கடையில் துணி மடித்து வைக்கிற வேலை அவளுக்கு. வருசத்துக்கு ஒருநாள் லீவு கேட்டு இந்த விழாவுக்கு வருகிறாள். “அக்கா, நாங்க தப்பு பண்ணிட்டமா?” என்றாள். உங்கள் மூன்று பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று இரண்டுதடவை தேடிவிட்டேன்.

அடுத்த ஏப்ரலுக்கு ஸ்பீக்கர் செட்டுக்காரரிடம் இப்போதே முன்பணம் கொடுத்தாச்சு. பறைக்குழுவுக்கும் சொல்லியாச்சு. பாட்டு லிஸ்டை அந்தப் பிள்ளைகள் போடுகிறார்கள். நான் ‘பாசமலர்’ ஒன்றை மட்டும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் விருப்பத்தை ஒரு அட்டையில் எழுதி அனுப்புங்கள் தோழர், பேரைச் சொல்லிப் போடுவோம்.